பங்கு நீதி சமாதானக் குழு: 2025ஆம் ஆண்டறிக்கை

வணக்கத்துக்குரிய பங்குத்தந்தை அவர்களே, தலைவர் அவர்களே, அன்பான அங்கத்தவர்களே,

அட்டனைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் நம் குழு, இவ்வருடம் டிசம்பர் தவிர எல்லா மாதமும் கூடியது. நவம்பர் கடைசியில் டித்வா புயலால் மண் சரிந்து பாதைகள் அடைபட்டதால் டிசம்பர் கூட்டம் நடக்கவில்லை. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

ஜூன் மாதத்தைப் பற்றித்தான் நான் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 13ஆம் திகதி இஸ்ரேல் ஈரானைத் தாக்கியது. பன்னிரண்டு நாள் சண்டை. நம் அங்கத்தவர் ஒருவரின் மகள் இஸ்ரேலில் வயதானவர்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறார். அந்த அம்மா போனை இடுப்பில் கட்டும் படங்குக்குள் செருகிக்கொண்டு மலைக்குப் போனார். கொழுந்து எடுக்கும் இடத்தில் சிக்னல் இல்லை. மணிக்கொரு தரம் மேல் ரோட்டுக்கு ஏறி, பிள்ளையின் குரலைக் கேட்டுவிட்டு இறங்குவார். நிறுவையில் கொழுந்து குறைந்தது. அந்த வாரம் இரண்டு நாள் அவருக்கு அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான். யுத்தம் எங்கேயோ நடக்கிறது, நமக்கென்ன என்று கேட்டவர்கள் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

ஜூன் 22இல் பாப்பரசர் 14ஆம் லியோ, இராஜதந்திரமே ஆயுதங்களை மௌனமாக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். பேச்சுவார்த்தையால் உண்மையில் ஆகுமா என்று இளைஞர்கள் கேட்டதால், ஜூலைக் கூட்டத்தில் ஆர்ஜென்டினா–சிலி கதையைப் படித்தோம். தென் அமெரிக்காவின் தெற்குக் கோடியில், பீகிள் கால்வாயின் முனையில் பிக்டன், லென்னொக்ஸ், நுவேவா என்று மூன்று சின்னத் தீவுகள். அவற்றுக்காக 1978 டிசம்பரில் இரு கத்தோலிக்க நாடுகளும் யுத்தத்தின் விளிம்பில் நின்றன. பாப்பரசர் இரண்டாம் ஜோன் போல், கர்தினால் அந்தோனியோ சமோரேயை அனுப்பினார். 1979 ஜனவரியில் மொன்டவிடியோவில் இரு தரப்பும் அவருடைய மத்தியஸ்தத்துக்கு ஒப்புக்கொண்டன. ஒப்பந்தம் கைச்சாத்தானது 1984 நவம்பர் 29இல்தான். ஏறக்குறைய ஆறு வருடம்! கர்தினால் அதைப் பார்க்காமலே 1983இல் இறந்துபோனார்.

ஒரு தம்பி உடனே எழுந்து, “2003இல் இதே பாப்பரசர் கர்தினால் பியோ லாகியை வாஷிங்டனுக்கு அனுப்பினாரே, ஈராக் யுத்தம் நின்றதா?” என்று கேட்டார். நிற்கவில்லை. அந்தக் கேள்விக்கு நான் அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை, இன்று சொல்கிறேன். ஒரு தரம் காது கொடுக்கவில்லை என்பதற்காக, ஆள் அனுப்புவதையே திருச்சபை விட்டுவிடக் கூடாது. குண்டு விழுந்த பிறகு இரங்கல் பூசை வைப்பதைவிட, விழுமுன் மேசைக்கு அழைப்பதுதான் கிறிஸ்தவர்களின் முதல் வேலை என்று நான் முழு மனதோடு நம்புகிறேன்.

இதன்படி, நாடுகளுக்கிடையிலான பேச்சுவார்த்தைக்காக ஞாயிறு மன்றாட்டில் ஒரு வேண்டுதலைச் சேர்க்கும்படி கேட்டோம். பங்குத்தந்தை ஆகஸ்டிலிருந்து சேர்த்திருக்கிறார். வெளிநாட்டில் வேலை செய்யும் நம் பிள்ளைகளின் பெயர்களை எழுத ஒரு கொப்பி பீடத்தின் அருகே இருக்கிறது. குவைத், கட்டார், லெபனான் என்று பக்கங்கள் நிறைந்துகொண்டு வருகின்றன. மேல் டிவிஷன் குடும்பங்கள் இன்னும் எழுதவில்லை. கூட்டம் முடிந்ததும் எழுதிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்; பேனை கொப்பியோடு கட்டியிருக்கிறது.

செயலாளர்