கழுத்தை மட்டும் கொடுக்காதே

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நலம். கருப்பி மூன்று குட்டி போட்டிருக்கிறது. அத்தை வீட்டுச் சங்கதியை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன், அது பெரிய கதை.

ஞாயிற்றுக்கிழமை போனில் ‘நல்லா இருக்கேன்ப்பா’ என்று நாலு தடவை சொன்னாய். ஒரு தடவை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

மாப்பிள்ளையைக் கோபிக்காதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டுப் பிடுங்கினேன். உடம்பெல்லாம் வலிக்கிற ஃபைப்ரோமயால்ஜியா நோய் என்று டாக்டர் சொல்லி எட்டு மாசமாகிறதாம். வாரம் இரண்டு நாள், முதுகெலும்பைக் கையால் அழுத்தித் திருப்பி வைத்தியம் பார்க்கிற கைரோபிராக்டரிடம் போய்க் கழுத்தைச் சொடுக்கிக்கொள்கிறாயாம். கழுத்தையா?

நம் தெரு சலூனில் முடிவெட்டியதும் தாடையையும் பின்மண்டையையும் பிடித்துச் சடக்கென்று திருப்புவாரே, அந்தச் சுகத்தை முப்பது வருஷம் அனுபவித்தவன் நான். அன்று முழுக்க உடம்பு லேசாக இருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது எலும்பு இடத்தில் போய் உட்காருகிற சத்தமில்லை, மூட்டு நீரில் குமிழி உண்டாகிற சத்தம். அப்படித் திருப்பும்போது கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள். அபூர்வம்தான். அந்த அபூர்வம் என் மகளாக இருந்துவிட்டால்? இதைப் படித்ததிலிருந்து சலூனில் ‘வேண்டாம்ப்பா’ என்று சொல்லிவிடுகிறேன்.

உன் நோய் எலும்பு விலகியதால் வந்ததில்லை. கல்யாண வீட்டு மைக் செட்டை நினைத்துக்கொள். ஆம்பிளிஃபயரில் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, குழாய் ஸ்பீக்கரை இப்படியும் அப்படியும் திருப்பினால் இரைச்சல் குறையுமா? மூளையும் நரம்பும் வலியைப் பெருக்கிக் காட்டுகிற நோய் இது. 1895ல் அமெரிக்காவில் பால்மர் என்பவர் காது கேட்காத ஒருவரின் முதுகெலும்பைத் தட்டிச் சரிசெய்தேன் என்று சொல்லித் தொடங்கிய வைத்தியம் கைரோபிராக்டிக். வெறும் இடுப்புப் பிடிப்புக்கு என்றால் நான் வாயே திறக்க மாட்டேன். இந்த நோய்க்கு அது வேண்டாம் என்று ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்களின் யூலார் அமைப்பு 2017 பரிந்துரையில் பாதுகாப்பைக் காரணம் காட்டியே சொல்லியிருக்கிறது. அவர்கள் உறுதியாகப் பரிந்துரைத்தது ஒன்றே ஒன்று, உடற்பயிற்சி. கனடாவில் உங்கள் ஒன்டாரியோ மாகாண அரசே 2004ல் கைரோபிராக்டிக் வைத்தியத்துக்குக் காசு கொடுப்பதை நிறுத்திவிட்டது. அது பட்ஜெட் பிரச்சினை மாமா என்பார் மாப்பிள்ளை. இருக்கட்டும்.

பத்து நிமிஷம் நட. பனி கொட்டினால் மாலுக்குள் நட. வலி இல்லாத நாளில் வீட்டு வேலை மொத்தத்தையும் இழுத்துப்போட்டுச் செய்துவிட்டு மறுநாள் படுத்துவிடாதே, உன் குணம் எனக்குத் தெரியும். பள்ளியில் காய்ச்சலோடு ஓடிக் கோப்பை வாங்கி வந்தவளாயிற்றே! ராத்திரித் தூக்கத்துக்கு அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் மாதிரி ஏதாவது தரலாமா என்று டாக்டரைக் கேள், நீயாகப் போடாதே. கழுத்தை மட்டும் யாரிடமும் கொடுக்காதே.

இத்தனையும் தெரிந்த அப்பனிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையே உனக்கு என்று இரண்டு நாள் வருத்தமாக இருந்தது. நேற்று ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தபோதுதான் காரணம் பிடிபட்டது.

அம்மா சமையலறையை ஒழித்துவிட்டுக் கூடத்தில் குப்புறப் படுத்துக்கொள்வாள். நீ சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் முதுகில் மிதிப்பாய். ‘மெள்ள, மெள்ள’ என்பாள். ‘அம்மாவுக்கு என்னப்பா?’ என்று கேட்டாய். டெஸ்டில் ஒன்றுமில்லை, நடிக்கிறாள் என்றேன். பேப்பரிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அதற்கெல்லாம் முன்னாலேயே, 1990லேயே, உடம்பில் 18 இடம் குறித்து, அழுத்தினால் 11 இடத்திலாவது வலிக்கிறதா என்று பார்த்து இந்த நோயைக் கண்டுபிடிக்க விதி எழுதியிருந்தார்கள். நான் மருந்துக் கவுண்டரில் நின்றுகொண்டு, உடம்பெல்லாம் வலிக்கிறது என்று வந்த பெண்களுக்கெல்லாம் மஞ்சள் மாத்திரையை எண்ணிப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். உன் அம்மாவுக்கு அதைக்கூட வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

அவளுக்கு இதே நோய்தானா, இனி யாரைக் கேட்பது. வலிக்கிறது என்று அவள் சொன்னதை நான் நம்பவில்லை. நீ சொன்னால் நம்புவேன்.

தூக்கம் வராவிட்டால் கூப்பிடு. உனக்கு நடுராத்திரி என்றால் இங்கே காலைதான், திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பேன்.

அப்பா