வீட்டில் ஆங்கிலச் செய்தி கேட்பது பற்றிப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களே, வணக்கம்.

பிள்ளைகளின் மதிப்பீட்டு அறிக்கையை வாங்க வந்தபோது உங்களில் பலர் என்னிடம் ஒரே விஷயத்தைத்தான் கேட்டீர்கள். "டீச்சர், ஆங்கிலத்துல நல்லாத்தான் எழுதுறான். யாராவது ஒரு கேள்வி கேட்டா மட்டும் வாயே திறக்க மாட்டேங்கிறான். இன்னொரு டியூஷன்ல சேர்க்கலாமா?" அன்று கூட்டம் அதிகம். ஒவ்வொருவரிடமும் விரிவாகப் பேச நேரம் கிடைக்கவில்லை. அதனால் இந்தக் கடிதம்.

டியூஷனுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால், தினமும் கொஞ்ச நேரம் பிள்ளையோடு உட்கார்ந்து ஆங்கிலச் செய்தி கேளுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். ஏன் என்று சொல்கிறேன்.

பிள்ளைக்குப் பேச்சு வராததற்குக் காரணம் பெரும்பாலும் காதில்தான் இருக்கிறது. நம் ஊரில் ஆங்கிலம் கண்ணுக்குத் தெரியும், காதில் விழாது. கடைப் பலகையில் இருக்கும், மருந்துப் பெட்டியில் இருக்கும், பாடநூலில் இருக்கும். ஆனால் ஒட்டுக்கடையில் பேசுவது தமிழ். கிளினிக்கிலும் பசாரிலும் மலாய். பேராக்கில் நம் ஊத்தான் மெலிந்தாங்கில் வளரும் பிள்ளை ஆங்கிலப் பாட வேளை முடிந்து வீட்டுக்குப் போனால், மறுநாள் பள்ளிக்கு வரும்வரை ஓர் ஆங்கில வாக்கியத்தை யாரும் பேசிக் கேட்காமலே இருந்துவிட முடியும். கோலாலம்பூரில் ஒரு பேரங்காடிக்குள் நடந்தாலே கேட்கக் கிடைப்பது இங்கே கிடைப்பதில்லை. கேட்காத மொழியைப் பிள்ளை எப்படிப் பேசும்? அதை வீட்டுக்குள் கொண்டுவர நம்மிடம் இருக்கும் மிக மலிவான வழி வானொலியும் தொலைக்காட்சியும்தான்.

தேர்வைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2021 முதல், ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் ஆங்கிலத்தில் பேச்சுக்கு ஒரு தாள், கேட்டலுக்கு ஒரு தாள் என்று தனித்தனியாக வந்துவிட்டன. அதற்குப் பிறகு பல்கலைக்கழகம் போவதற்காக எழுதும் மூவெட் ஆங்கிலத் தேர்விலும் இவை இரண்டும் உண்டு. தொடக்கப்பள்ளியிலும் வகுப்பறை மதிப்பீட்டில் கேட்டல், பேச்சு இரண்டையும் நாங்கள் பார்க்கிறோம். கட்டுரையை மனப்பாடம் செய்து தப்பித்த காலம் முடிந்துவிட்டது.

"எங்களுக்கே ஆங்கிலம் வராதே, நாங்கள் எப்படிச் சொல்லிக் கொடுப்பது?" என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அதற்குப் பதில் சொல்லத்தான். செய்தியைப் பொறுத்தவரை உங்களுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. உங்களுக்குச் செய்தி தெரிந்தால் போதும்.

ஒரு நாளின் முக்கியச் செய்திகள் எல்லா மொழிகளிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மின்னல் எஃப்.எம்.-இல் நீங்கள் தமிழில் கேட்கும் செய்தியைத்தான் ட்ராக்ஸ் எஃப்.எம்.-இல் ஆங்கிலத்தில் வாசிப்பார்கள். இரண்டுமே அரசு ஒலிபரப்பு நிறுவனமான ஆர்.டி.எம்.-இன் வானொலிகள். பெர்னாமா தொலைக்காட்சியில் மலாய், ஆங்கிலம், மாண்டரின், தமிழ் என நான்கு மொழிகளிலும் செய்தி உண்டு. ஆக, பாட்டியோ அப்பாவோ முதலில் தமிழ்ச் செய்தியைப் பிள்ளையோடு கேட்கட்டும். என்ன நடந்தது, எங்கே, யாருக்கு என்று இரண்டு வார்த்தை பேசட்டும். அப்புறம் அதே நாளின் ஆங்கிலச் செய்தியைப் போடுங்கள். கதை முன்பே தெரிந்திருப்பதால் பிள்ளையின் காது திணறாது. ஊர்ப் பெயர், அமைச்சர் பெயர், ரிங்கிட் கணக்கு என்று தெரிந்த சொற்கள் வரிசையாக வந்து விழும். இடையில் வரும் தெரியாத சொல்லின் பொருளையும் அவனே பாதி ஊகித்துவிடுவான். எந்தப் பயிற்சிப் புத்தகமும் தர முடியாத உதவி இது. வீட்டில் தமிழில் செய்தி பேசுகிற பெரியவர்கள் இருந்தால்தான் நடக்கும்.

செம்பனை விலையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டுப் பங்குச் சந்தையான புர்சா மலேசியாவில் கச்சா செம்பனை எண்ணெய் என்ன விலைக்குப் போனது என்பது வணிகச் செய்தியில் வழக்கமாக வரும். ஆங்கிலத்தில் 'க்ரூட் பாம் ஆயில்' என்பார்கள். 'ரோஸ்' (ஏறியது), 'ஃபெல்' (இறங்கியது), 'ஹையர்' (கூடுதலாக), 'லோவர்' (குறைவாக), 'க்ளோஸ்ட்' (முடிந்தது) என்று திரும்பத் திரும்ப வருவது ஒரு பிடிச் சொற்கள்தான். நம் பெற்றோரில் பலர் தோட்டத்தில் வேலை செய்கிறீர்கள். சிலர் சொந்தமாகவும் கொஞ்சம் செம்பனை வைத்திருக்கிறீர்கள். குலை எப்போது பழுக்கும், மழை பெய்தால் வெட்டும் வேலை ஏன் தடைபடும், விலை இறங்கினால் யார் கையைக் கடிக்கும் என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. பிள்ளையிடம் அதைத் தமிழில் சொல்லுங்கள். பிறகு அவன் ஆங்கிலத்தில் அந்தச் செய்தியைக் கேட்டால் அது யாரோ எங்கோ பேசுவதாக இருக்காது. அப்பாவின் வேலையைப் பற்றிய பேச்சாக இருக்கும். அந்த ஆர்வத்துக்கு ஈடாக எதுவும் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்த விலையிலேயே இன்னொரு பாடமும் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஃபிஃப்டீன்' என்பதும் 'ஃபிஃப்டி' என்பதும் நம் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும். முதல் சொல்லில் அழுத்தம் பின்பகுதியில் விழும், இரண்டாவதில் முன்பகுதியில் விழும். டன் 4,015 ரிங்கிட்டா, 4,050 ரிங்கிட்டா என்பதை அந்த அழுத்தத்தை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். தமிழில் நாம் குறிலுக்கும் நெடிலுக்கும் அதனதன் அளவைக் கொடுத்துச் சீராகப் பேசுகிறோம். ஆங்கிலத்தில் பொருள் சுமக்கும் சொற்களை ஓங்கிச் சொல்லி, 'ஆஃப்', 'டு', 'அன்ட்', 'த' போன்ற சின்னச் சொற்களை விழுங்கிவிடுவார்கள். எழுத்தில் முழுதாகத் தெரியும் 'அன்ட்', வேகமாகப் பேசும்போது வெறும் 'ன்' என்று ஓடிவிடும். நன்றாக வாசிக்கும் பிள்ளைகூட கேட்கும்போது தடுமாறுவது இதனால்தான். நாம் ஆங்கிலச் சொல்லின் கடைசியில் ஓர் உகரத்தைச் சேர்த்து 'பஸ்ஸு', 'புக்கு' என்று சொல்வதும் தமிழ் வாயின் இயல்பு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. செய்தி வாசிப்பவரின் குரலைத் தொடர்ந்து கேட்கக் கேட்க அது தானாகக் குறையும்.

சரி, எப்படிக் கேட்பது? நீளம் வேண்டாம். ஒரே ஒரு செய்தி, ஒன்று இரண்டு நிமிடம் ஓடினால் போதும். வானொலியில் போனது போனதுதான். அதனால் முடிந்தவர்கள் பதிவு செய்த செய்தியைக் கைப்பேசியில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்.டி.எம். கிளிக் செயலியில் வானொலி, தொலைக்காட்சி இரண்டும் இலவசமாக வரும். முதல் தடவை குறிப்பு எடுக்காமல், நிறுத்தாமல் கேட்கட்டும். யார், எங்கே, என்ன என்ற மூன்று மட்டும் பிடிபட்டால் போதும். செய்தியின் முதல் வாக்கியத்திலேயே இந்த மூன்றும் பெரும்பாலும் வந்துவிடும். இரண்டாவது தடவை, விட்டுப்போனதைத் தேடிக் கேட்கட்டும். திரையில் ஓடும் எழுத்துகளை அதுவரை பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். எழுத்து தெரிந்தால் கண் முந்திக்கொள்ளும், காது தூங்கிவிடும். கணினி தானாகப் போடும் எழுத்துகளில் நம் ஊர்ப் பெயர்கள் கண்டபடி வருவதையும் கவனியுங்கள்.

மூன்றாவது தடவைதான் பேச்சுப் பயிற்சி. வாசிப்பவர் சொல்லச் சொல்ல, அரை நொடி பின்தங்கி, அதே ஏற்ற இறக்கத்தில் பிள்ளையும் கூடவே சொல்ல வேண்டும். பொருள் முழுதாகப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒருவர் பேசப் பேச உடனுக்குடன் வாயால் மொழிபெயர்ப்பவர்களுக்குக் கொடுக்கும் பயிற்சிகளில் இதுவும் ஒன்று. முதல் சில நாள் பிள்ளை உளறும், சிரிக்கும், பாதியில் விட்டுவிடும். தயவுசெய்து அப்போது அண்ணனோ அக்காவோ கேலி செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கேலிச் சிரிப்பு ஒரு வருட முயற்சியை அடைத்துவிடும்.

அதன் பிறகு கைப்பேசியை மூடிவிட்டு, "இன்னைக்கு என்ன செய்தி?" என்று கேளுங்கள். முதலில் தமிழில் சொல்லட்டும். பிறகு மூன்றே வாக்கியத்தில் ஆங்கிலத்தில் சொல்லட்டும். 'எஸ்டர்டே ஃப்ளட் கம்' என்று இறந்தகாலத்தைத் தப்பாகச் சொன்னாலும் அப்படியே விடுங்கள், நடுவில் திருத்தாதீர்கள். 'ரோட்ஸ் வேர் க்ளோஸ்ட்', 'ஃபேமிலீஸ் வேர் மூவ்ட்' என்று நாளைக்கும் மறுநாளும் கேட்டு வந்தால் இறந்தகால வடிவம் காதில் படிந்துவிடும். மிச்சத்தை வகுப்பில் ஆங்கில ஆசிரியர் பார்த்துக்கொள்வார். அவன் வாயைத் திறந்தானா என்பதை மட்டும் நீங்கள் பாருங்கள்.

எந்தச் செய்தியில் தொடங்குவது என்றால், வானிலைதான் என் முதல் தேர்வு. வாக்கியங்கள் குட்டை, சொற்கள் திரும்பத் திரும்ப வரும். தொடர்மழை எச்சரிக்கையை வானிலைத் துறை 'அலர்ட்', 'சிவியர்', 'டேஞ்சர்' என்ற மூன்று படிகளில் தருகிறது. மலாயில் 'வாஸ்பாடா', 'புரோக்', 'பஹாயா' என்று பிள்ளைகள் ஏற்கெனவே கேட்டவைதான். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், நவம்பரிலிருந்து மார்ச் வரை, இந்தச் செய்திக்குப் பஞ்சமே இருக்காது.

அடுத்தது விளையாட்டு. பூப்பந்து என்றால் நம் பிள்ளைகளுக்கு உயிர். 2022-இல் ஆரோன் சியாவும் சோ வூய் யிக்கும் மலேசியாவுக்கு முதல் உலக வெற்றியாளர் பட்டத்தைக் கொண்டுவந்த செய்தி ஆங்கிலத்தில் எப்படிச் சொல்லப்பட்டது என்று தேடிக் கேட்கச் சொல்லுங்கள். பெர்லி டானோடு சேர்ந்து ஆடும் நம் தீனா முரளிதரன் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் வரை போனவர். அவர் செய்தியாளர்களிடம் ஆங்கிலத்தில் பேசும் காணொலிகளைப் பெண்பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். நம்மைப் போன்ற ஒரு தமிழ்ப் பெண் கேமரா முன்னால் நின்று பேசுவதைப் பார்ப்பது பத்து அறிவுரைக்குச் சமம்.

வேகம் அதிகம் என்று சொல்லும் பிள்ளைகளுக்கு மெதுவான செய்திகளும் இருக்கின்றன. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959-இல் 'ஸ்பெஷல் இங்கிலிஷ்' என்று ஒரு ஒலிபரப்பைத் தொடங்கியது. சுமார் 1,500 அடிப்படைச் சொற்களை மட்டும் வைத்து, நிறுத்தி நிதானமாக வாசிப்பார்கள். அந்தப் பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. செய்தி பழையதாக இருக்கலாம், காதுப் பயிற்சிக்கு அது குறையில்லை. பி.பி.சி. 1943 முதல் ஆங்கிலம் கற்பித்து வருகிறது. அவர்களுடைய ஆறு நிமிட ஆங்கில நிகழ்ச்சி, இடைநிலைப்பள்ளியில் படிக்கும் அண்ணன் அக்காமார்களுக்குப் பொருந்தும். ஆனால் அயல்நாட்டு உச்சரிப்பைத் தேடி முதலிலேயே அங்கே ஓட வேண்டாம். நம் நாட்டுச் செய்தி வாசிப்பாளர்களின் ஆங்கிலம் தெளிவானது, ஊர்ப் பெயர்களும் தெரிந்தவை. தொடக்கத்துக்கு அதுவே நல்லது.

இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. கொலை, விபத்து, குழந்தைகளுக்கு நேர்ந்த கொடுமை போன்ற செய்திகளைப் பிள்ளை தனியாகக் கேட்கக் கூடாது. அவற்றைத் தவிர்த்துவிடுங்கள், தவிர்க்க முடியாவிட்டால் பக்கத்தில் இருந்து பேசுங்கள். அதே மாதிரி, புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வரும் துண்டுக் காணொலிகளைச் செய்தி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கைப்பேசியைக் கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போனால் ஐந்தாவது நிமிடம் அங்கே வேறு ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும்.

வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் பேசுங்கள் என்று நான் கேட்கவில்லை. யாராவது அப்படிச் சொன்னால் கேட்காதீர்கள். தமிழில் ஒரு செய்தியைக் கோவையாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத்தான் ஆங்கிலத்திலும் சொல்ல வரும். சொல்ல விஷயம் இருந்தால்தானே மொழி வேண்டும்?

பள்ளியும் தன் பங்கைச் செய்யும். அடுத்த வாரத்திலிருந்து திங்கள்கிழமை சபைகூடலில் இரண்டாம் படிநிலை (நான்கு முதல் ஆறாம் ஆண்டு வரை) மாணவர்கள் முறைவைத்து ஒரு சிறு செய்தியை ஆங்கிலத்தில் சொல்வார்கள். எழுதி வைத்து வாசிக்க அனுமதி இல்லை, ஒரு சின்ன அட்டையில் நான்கைந்து சொற்களைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். அந்த வாரத்துக்கான செய்திப் பதிவை வகுப்பாசிரியர் ஞாயிற்றுக்கிழமை உங்கள் புலனக் குழுவில் அனுப்புவார். முதல் படிநிலைப் பிள்ளைகளுக்கு வானிலை மட்டும் போதும், கட்டாயமும் இல்லை.

டேட்டா காசு போட வேண்டும், வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது என்ற நிலை பல வீடுகளில் இருப்பது எனக்குத் தெரியும். சாதாரண வானொலிப் பெட்டிக்கு டேட்டா தேவையில்லை. அதுவும் இல்லாதவர்கள் தயங்காமல் சொல்லுங்கள். பள்ளி முடிந்ததும் வள மையத்தில் அரை மணி நேரம் பிள்ளைகள் கேட்க ஏற்பாடு செய்திருக்கிறேன். பள்ளி வேன் ஓட்டும் அண்ணன்களிடமும் பேசியிருக்கிறேன், காலையில் ஆங்கிலச் செய்தி நேரத்தில் வானொலியை அந்த அலைவரிசைக்கு மாற்றிவைக்கச் சம்மதித்திருக்கிறார்கள்.

இத்துடன் ஒரு சீட்டு இணைத்திருக்கிறேன். வீட்டில் வானொலி, தொலைக்காட்சி, கைப்பேசி இவற்றில் எது இருக்கிறது, மாலையில் பிள்ளையோடு யார் உட்கார முடியும் என்ற இரண்டை மட்டும் எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். தமிழிலோ மலாயிலோ எழுதலாம். ஷிஃப்ட் வேலையால் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் காலையில் பிள்ளையை விட வரும்போது என் அறைக்கு வாருங்கள், பேசலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்