மாப்பிள்ளை இங்கேயே இருக்கட்டும்

வெள்ளவத்தை
கார்த்திகை, ஞாயிறு இரவு

அன்பு மகன்,

ஃபோனில் நீ என்னைக் கதைத்து முடிக்க விடுவதில்லை. "அம்மா, அதைக் கடையிலே திருப்பிக் குடுங்கோ, இல்லாட்டி ஆருக்கும் சும்மா குடுங்கோ" என்று சொல்லிப்போட்டு வேலைக்கு ஓடிவிடுகிறாய். அதுதான் எழுதுகிறேன். விலாங்கை, நாங்கள் மாப்பிள்ளை என்று கூப்பிடுகிற அந்த ஸ்னோஃப்ளேக் அஞ்சாலையை, நான் ஒருவருக்கும் கொடுக்கப் போவதில்லை. தொட்டியில் இருந்த ஐந்து குரோமிஸ் மீனில் மூன்றை அது விழுங்கியது உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கில் அதன் பங்கு கொஞ்சம், என் பங்கு கூட, உன் பங்கும் இல்லாமலில்லை.

கந்தசஷ்டிக்கு முதல்நாள் வழக்கம்போல ஃபிரிட்ஜைக் கழுவித் துடைத்தேன். மேல்தட்டில் மாப்பிள்ளைக்கென்று வெட்டி வைத்திருந்த இறாலும் கணவாயும் கீழ்வீட்டு அன்ரியிடம் போய்விட்டன. பிரட்டல் வைத்திருப்பா. ஆறு நாளும் வீட்டில் மச்சம் இல்லை. பால்பழத்தோடு இருந்த எனக்கு, தொட்டிக்குள் ஒருவன் என்னோடு சேர்ந்து விரதம் இருக்கிறான் என்ற நினைவே வரவில்லை. வந்திருந்தாலும் "ஒரு கிழமை தானே, தாங்கும்" என்றுதான் சொல்லியிருப்பேன். தாங்கியிருக்கும், அது பொய்யில்லை. சாப்பிட மனமில்லை என்றால் வாரக்கணக்காக வாயே திறக்காமல் கிடக்கிற சாதி அது. ஆனால் பசியைத் தாங்குவது வேறு, பக்கத்தில் சாப்பாடு நித்திரை கொள்ளும்போது சும்மா இருப்பது வேறு.

நாலாம் நாள் காலை எண்ணினேன், நாலு. பாய்ந்து வெளியே விழுந்திருக்கும் என்று அலுமாரிக்குப் பின்னால் விளக்குமாறு விட்டுப் பார்த்தேன். ஃபில்டர் பெட்டியைக் கழற்றினேன். ஒரு செதில்கூட இல்லை. அடுத்த நாள் மூன்று. அப்பா, "நீ எண்ணுறதிலதான் பிழை, கண்ணாடியை மாத்து" என்றார்.

சூரன்போர் அன்று கதிரேசன் கோவிலால் வந்து, கால் கழுவிக்கொண்டு நேரே தொட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டேன். டோர்ச்சில் சிவப்பு இனிப்புத் தாளைச் சுற்றி றப்பர் பாண்ட் போட்டுக்கொண்டேன். சிவப்பு வெளிச்சத்தை மீன்கள் அவ்வளவு கவனிக்காது. பகலெல்லாம் பச்சையாய் மின்னித் திரிகிற குரோமிஸ்கள் இரவில் நிறம் மங்கி, கல்லிடுக்கில் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டு தூங்கும். பதினொன்றரை இருக்கும், மாப்பிள்ளை குகையை விட்டு முழு உடம்போடு வெளியே வந்தான். பகலில் தலைதானே தெரியும், அன்றைக்குத்தான் அவன் எவ்வளவு நீண்டுவிட்டான் என்று பார்த்தேன். என் முழங்கையிலிருந்து விரல்நுனி தாண்டிப் போகும். கண் அவனுக்குப் பெரிதாக உதவாது, மூக்குத்தான் எல்லாம். மூஞ்சி நுனியில் இரண்டு மஞ்சள் குழாய் இருக்கிறதே, அதைக் கல்லோடு கல்லாக உரசி உரசி, குருடன் சுவர் பிடித்து நடப்பதுபோல வந்தான். ஒரு குரோமிஸைத் தொட்டு, தாண்டிப் போய், திரும்பி வந்தான். பிறகு ஒரு துரத்தலும் இல்லை, சத்தமும் இல்லை. வாய் மூடியது. இரண்டு இழுவையில் வால் உள்ளே போய்விட்டது.

முப்பது வருஷம் விலங்கியல் படிப்பித்தவள் நான், ஆனால் அந்த இரண்டாவது இழுவையைக் கண்ணால் கண்டபோது புல்லரித்துப்போச்சு. தொண்டைக்குள் இருக்கிற இன்னொரு சோடித் தாடை முன்னால் வந்து, கௌவிப் பிடித்து, இரையை உள்ளே இழுக்கிறது. மற்ற மீன்கள் பெரும்பாலும் வாயை விரித்துத் தண்ணீரோடு உறிஞ்சி விழுங்கும். இடுக்குக்குள் வாழுகிற அஞ்சாலைக்கு வாயை அப்படி விரிக்க இடமேது? கலிஃபோர்னியாவில் ரீட்டா மேத்தா, பீட்டர் வெயின்ரைட் என்ற இரண்டு பேர் 2007இல்தான் இதைப் படம் பிடித்துக் காட்டினார்கள். அப்போது நான் ஏ லெவல் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தேன், ஒருவரும் நம்பவில்லை.

இனி உன் பங்குக்கு வருகிறேன். போன டிசம்பர் வந்தபோது "தொட்டி வெறிச்சோடிக் கிடக்கு அம்மா" என்று அந்த ஐந்தையும் வாங்கி விட்டது நீ. "ஸ்னோஃப்ளேக் ஈல் மீன்களைத் தின்னாது, அதுக்கு மொட்டைப் பல்லு, நண்டு இறால்தான்" என்று கடைக்காரப் பொடியன் சொன்னதை நீயும் எனக்கு ஒப்புவித்தாய். அதில் பாதி சரி. ஊசிப்பல் அஞ்சாலைகள் மீன் பிடிப்பதற்கென்றே பிறந்தவை. இவனுடைய பற்கள் கூழாங்கல் மாதிரி, ஓடு நொறுக்கத்தான். அதனால்தானே உன் துப்புரவு இறால் முதல் மாதமே காணாமல் போனது! கடலில் அந்த இறால் அஞ்சாலையின் வாய்க்குள்ளேயே புகுந்து சுத்தம் செய்துவிட்டு வரும் என்பாய். கடலில் அதற்கு ஓட இடமுண்டு, எங்கள் தொட்டி நாலடி. ஆனால் "நண்டு இறால்தான்" என்பது வயிறு நிரம்பியிருக்கிற நாளைக்குரிய கதை. வாய்க்குள் அடங்குகிற மீன், அதுவும் கல்லிடுக்கில் தூங்குகிற மீன், பட்டினி கிடக்கிற விலாங்கு: இதில் பல்லின் வடிவத்தைப் பார்த்து யார் நிற்கப் போகிறார்கள்.

கோமாளி மீன் இரண்டும் அதே ஆறு நாளும் அதே தொட்டியில்தான் இருந்தன, ஒரு கீறல் இல்லை. அவை தூங்குவது மேல் மூலையில், பம்புக்குப் பக்கத்தில். அவனுடைய வழி முழுக்கக் கீழே, கல்லோரமாக. கொஞ்சம் சதைப்பிடிப்பான மீன்களும்கூட. ஆகவே சின்ன மீனும் விலாங்கும் சேர்ந்திருக்குமா என்று கேட்டால், அந்தச் சின்ன மீன் இரவில் எங்கே படுக்கிறது என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

மிஞ்சிய இரண்டு குரோமிஸையும் மாடியில் ஆறாம் வகுப்புப் படிக்கிற பெட்டையின் தொட்டிக்கு மாற்றியாயிற்று. பிடிக்க ஒரு பின்னேரம் முழுக்கப் போனது, கல்லெல்லாம் தூக்க வேண்டி வந்தது. அப்பா வாளி பிடித்தார். "மாப்பிள்ளையைப் பிடிச்சுக் குடுக்கிறதை விட்டிட்டு அப்பாவி மீனைப் பிடிக்கிறியே" என்று முணுமுணுத்தார். அவருக்கு இன்னும் அவன் வாயைத் திறந்து திறந்து மூடுவது தன்னைப் பார்த்துச் செய்கிற சண்டித்தனம். அது மூச்சு, மூச்சுவிடத்தான் அப்படி என்று எத்தனை தரம் சொல்லியாயிற்று. வீட்டுக்கு வருகிறவர்களும் பாம்பு என்றுதான் பார்க்கிறார்கள். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிறவன் என்று பழமொழியில் வேறு அவன் பெயரைக் கெடுத்து வைத்திருக்கிறோம்.

அவன் வெளியே வந்த கதை உனக்குச் சொல்லவில்லை, பயப்படுவாய் என்று. போன வருஷம் கரண்ட் வயர் போகிற ஓட்டைக்குள்ளால் நழுவி, விடியற்காலை குசினி வாசலில் தூசி பிரண்டு கிடந்தான். அப்பா தும்புத்தடியைத் தூக்கிவிட்டார். நான் ஈரத் துவாயால் பொத்தித் தூக்கிப் போட்டேன், பிழைத்துவிட்டான். இந்தச் சாதி கரையில் வைத்தே கணவாய்த் துண்டை விழுங்கும் என்று 2021இல் அதே ரீட்டா மேத்தாவின் கூடத்தில் பழக்கிக் காட்டியிருக்கிறார்கள், ஆகவே குசினி நோக்கி வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. இப்போது அந்த ஓட்டைக்கு நுளம்பு வலை அடைத்து, மூடிமேல் உன் ஏ லெவல் பௌதிகப் புத்தகம் இரண்டு வைத்திருக்கிறேன். நல்ல பாரம்.

வெயில் காலத்தில் தண்ணீர் 30 பாகை தாண்டுகிறது. அவனுக்கு 24இலிருந்து 27 தான் சுகம். சில்லர் வாங்க என்னிடம் காசில்லை, நீயும் அனுப்பாதே. சின்ன மேசை ஃபானை நீர்மட்டத்துக்கு மேலே சரித்துப் போட்டிருக்கிறேன், இரண்டு மூன்று பாகை இறங்கும். அதோடு தண்ணீரும் வற்றும். வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே நிற்கும், அதனால் நல்ல தண்ணீரால்தான் நிரப்புகிறேன். உப்பளவு, ஒப்படர்த்தியில் சொன்னால், 1.025க்கு மேலே போகவிடுவதில்லை.

அடுத்த சஷ்டிக்கு இப்போதே ஏற்பாடு. கீழ்வீட்டு அன்ரியின் ஃப்ரீசரில் ஒரு டப்பா, அதில் இறால், கணவாய், பாரைத் துண்டு மாறி மாறி. ஒரேயடியாக இறால் மட்டும் கொடுத்தால் சத்துக் குறைவு வரும். மூன்று நாளைக்கு ஒருக்கால் அன்ரி ஒரு துண்டு மேலே கொண்டு வருவா. ஊட்டுவது அப்பா, அவருக்குத்தான் விரதமில்லை. நேற்று ஒத்திகை பார்த்தோம். முதல் தரம் மாப்பிள்ளை குறி தவறி இடுக்கியைக் கௌவ, அவர் இடுக்கியையும் விட்டுவிட்டு இரண்டடி பின்னால் போனார். இரண்டாம் தரம் சரியாக வாங்கிக்கொண்டான். பிறகு அவராகவே இன்னொரு துண்டு கேட்டார்.

இங்கே இருக்கிற இடுக்கி உப்பில் துருப்பிடித்துப்போச்சு. வரும்போது ஒரு அடிக்குக் குறையாத பிளாஸ்டிக் இடுக்கி ஒன்று கொண்டு வா. மீன் ஒன்றும் வாங்காதே.

அன்புடன்,
அம்மா