மூடிய கைக்குள் என்ன இருந்தது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. வலது கண்ணில் புரை முற்றிப்போய் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன், பத்து நாள் படிக்கவும் கூடாது எழுதவும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், அதனால்தான் இந்தத் தாமதம். இப்போது நன்றாகத் தெரிகிறது. உன் மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை என் மனைவிதான் உரக்கப் படித்துக் காட்டினாள். அவளைத் தூக்கி வளர்த்தவர்கள் போல எங்கள் இருவருக்கும் அவ்வளவு சந்தோஷம். என் வாழ்த்தைச் சொல்லிவிடு.

அதே கடிதத்தில் இன்னொன்றும் எழுதியிருந்தாய். அருங்காட்சியகத்தில் நான்கு மணி நேரம் சுற்றினேன், எல்லாம் உடைந்து கிடக்கிறது, மூக்கு இல்லை, கை இல்லை, இதில் எதைப் பார்த்து வியப்பது என்று. கண்ணை மூடிப் படுத்திருந்த பத்து நாளும் அந்த வரிதான் மனதில் ஓடியது. எனக்கு வருஷக்கணக்காக வேறு பழக்கம். பழைய சிலை எதைப் பார்த்தாலும் அதில் இல்லாமல் போனது என்ன என்றுதான் முதலில் தேடுவேன். செய்தவனுக்குப் பக்கத்தில் போய் நிற்பது மாதிரி எனக்குத் தோன்றுவது அங்கேதான்.

சீனாவில் சிச்சுவான் மாகாணத்தில் சான்ஷிங்துய் என்ற இடம். 1986இல் அங்கே இரண்டு குழிகளைத் தோண்டினார்கள். மூவாயிரம் ஆண்டுக்கும் முந்தைய வெண்கலப் பொருள்கள், யானைத் தந்தங்கள், எல்லாவற்றையும் உடைத்து, நெருப்பில் இட்டுப் புதைத்திருக்கிறார்கள். அதிலிருந்து வந்த ஒரு மனிதச் சிலை பீடத்தோடு சேர்த்து 2.6 மீட்டர் உயரம். கைகளைப் பார்க்க வேண்டும் நீ. உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியவை, இரண்டும் எதையோ பிடித்திருப்பது போல வளையமாக மூடியிருக்கின்றன, உள்ளே ஒன்றும் இல்லை. இரண்டு வளையங்களும் ஒரே நேர்கோட்டில் இல்லாததால் நேரான தடியையோ கோலையோ அவன் பிடித்திருக்க முடியாது, வளைந்த ஏதோ ஒன்றாகத்தான் இருக்க வேண்டும், ஒருவேளை தந்தமாக இருக்கலாம் என்கிறார்கள். அந்த மக்கள் எழுதி வைத்த ஒரு வரிகூட அங்கே கிடைக்கவில்லை. அந்தக் காலி வளையம்தான் நமக்கு மிஞ்சிய சாட்சி. நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு என் கைகளையே அப்படி மடக்கிப் பார்த்தேன். தோள்பட்டை தானாக ஏறி நின்றது, ரொம்ப நேரம் வைத்திருக்க முடியவில்லை. அப்படியானால் சடங்கில் எவ்வளவு நேரம் நின்றிருப்பார்கள்?

அதே நாட்டில் ஷியான் அருகே, 1974இல் விவசாயிகள் கிணறு வெட்டும்போது வெளிவந்த சுடுமண் படை, பேரரசன் ஒருவனின் கல்லறைக்காக மண்ணில் செய்து புதைத்த வீரர்கள், உனக்குத் தெரிந்ததுதான். அங்கேயும் பல வீரர்களின் கை பாதி மூடியபடி இருக்கும். பிடித்திருந்த ஆயுதத்தின் உலோக முனை மிஞ்சியது, மரக்காம்பு மட்கிவிட்டது. அதைவிட எனக்கு வலிப்பது வண்ணம் போனதுதான். ஒவ்வொரு வீரனுக்கும் அரக்குப் பூச்சு கொடுத்து அதன் மேல் சிவப்பு, பச்சை, ஊதா என்று தீட்டியிருந்தார்கள். இரண்டாயிரம் ஆண்டு ஈர மண்ணுக்குள் இருந்த அந்த அரக்கு, வெளிக்காற்று பட்டதும் உலர்ந்து சில நிமிடத்தில் சுருண்டு வண்ணத்தோடு உரிந்துவிடும். இப்போது ரசாயனக் கலவை பூசி ஈரத்தைக் காக்க வழி கண்டிருக்கிறார்கள். தொடக்கத்தில் தோண்டியவர்கள் கண்ணெதிரே நிறம் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள், அதை நினைத்தாலே எனக்கு என்னவோ செய்கிறது.

சரி, நான் உனக்குச் சொல்ல வந்ததே வேறு ஒன்று. ஈராக்கில் ஊர் என்றே பெயர் கொண்ட பழைய நகரம். லெனார்ட் வுல்லி என்ற ஆங்கிலேயத் தொல்லியலாளர் 1922 முதல் 1934 வரை அங்கே தோண்டினார். அரச கல்லறைகளில், ஏறக்குறைய 4500 ஆண்டுக்கு முன் புதைத்த யாழ்கள் இருந்தன. யாழின் மரம் முழுக்க மட்கிவிட்டது. மரம் இருந்த இடத்தில் மண்ணுக்குள் பொந்து மட்டும் இருந்தது. சாதாரணமாக மண்வெட்டி போட்டால் ஓட்டை இடிந்து விழும், அவ்வளவுதான், அடுத்த வேலை. அவர் நிறுத்தினார். பாரிஸ் சாந்தைத் தண்ணீரில் கரைத்து அந்தப் பொந்துக்குள் ஊற்றச் செய்தார். இறுகும்வரை காத்திருந்து, சுற்றியுள்ள மண்ணை மெல்ல விலக்கினால், மரம் இல்லாத யாழின் வடிவம் வெள்ளையாக எழுந்து நிற்கிறது! இத்தாலியின் பழைய பாம்பேய் நகரத்தில் எரிமலைச் சாம்பலுக்குள் இறந்தவர்களின் உடல் விட்டுப்போன பள்ளங்களில் சாந்து ஊற்றி 1863இல் ஃபியோரெல்லி என்ற தொல்லியலாளர் செய்ததும் இதுவேதான். ஆனால் யாழ் என்னும்போது எனக்கு வேறு மாதிரி இருக்கிறது. வாசித்தவர்களின் எலும்புகளும் அங்கேயே கிடந்தன. ஒரே குழியில் 74 பேர், பெரும்பாலும் பெண்கள். அவர்கள் எப்படிச் செத்தார்கள், விரும்பிச் செத்தார்களா என்று யோசிக்க ஆரம்பித்தால் யாழில் பதித்த தங்கமும் நீலக்கல்லும் கண்ணில் ஏறுவதில்லை. யாழை அழகு என்று சொல்லும் அதே வாயால் அந்தக் குழியையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்புறம், மொகஞ்சதாரோ வெண்கலப் பெண். 1926இல் கிடைத்தவள், உயரம் பத்தரை சென்டிமீட்டர்தான், உள்ளங்கையில் அடங்கிவிடுவாள். இவளும் ஒரு பொந்திலிருந்து வந்தவள் என்பது எனக்கு உறைத்ததே போன வருஷம், மெழுகு வார்ப்பு கற்றுக்கொள்ளப் போனபோதுதான். முதலில் மெழுகில் உருவம் செய்கிறோம். அதன் மேல் களிமண் அப்பிக் காயவைத்துச் சுட்டால் மெழுகு உருகி ஓடிவிடும். உள்ளே காலி. அந்தக் காலியில் உருகிய உலோகத்தை ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைக்க வேண்டும். ஒரு அச்சுக்கு ஒரு உருவம், தப்பினால் மெழுகிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான். நான் ஒரு சின்னப் பறவை செய்தேன். கழுத்தில் வளையம் வைக்க மெழுகை விரல்களுக்கு நடுவில் உருட்டி நூலாக்கிச் சுற்றினேன். மூன்று சுற்றுக்குள் விரல் சூட்டில் அது இளகி ஒட்டிக்கொண்டது. அந்தப் பெண்ணின் இடது கை தோள் வரைக்கும் வளையல், வலது கையில் நான்கு. அத்தனையையும் அவ்வளவு சின்னக் கையில், ஒன்றின் மேல் ஒன்று ஒட்டாமல் சுற்றியவன் விரலைத் தண்ணீரில் நனைத்து நனைத்து வேலை செய்திருப்பான் என்று நினைக்கிறேன். அவளுக்குப் பாதங்கள் இல்லை. இல்லை என்று சொல்லாவிட்டால் பலருக்குத் தெரியவே தெரியாது, நிற்கிற தோரணை அப்படி.

ஒரு கண்ணைக் கட்டியிருந்த நாளில் எகிப்து அரசி நெஃபர்டிட்டியும் நினைவுக்கு வந்தாள். 1912இல் எகிப்தின் அமர்னாவில், துட்மோஸ் என்ற சிற்பியின் பட்டறை இருந்த இடத்தில் கிடைத்த தலை. வலது கண்ணில் படிகக்கல் பதித்துக் கரிய பாவை வைத்திருக்கிறார்கள். இடது கண்குழி வெறும் சுண்ணாம்புக்கல். பதித்த கல் விழுந்துவிட்டது என்றால் பசை ஒட்டிய தடமாவது இருக்க வேண்டும், அதுவும் இல்லை. பட்டறையில் மாதிரிக்காக வைத்த தலை, அதனால் ஒரு கண்ணோடு விட்டுவிட்டார்கள் என்று சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. அப்படியானால் அது குறையே இல்லை, வேலை நடந்துகொண்டிருந்த இடத்தின் அடையாளம். நகல் செய்கிறவர்கள் சிலர் இரண்டு கண்ணும் வைத்துவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வரும்.

ஜெர்மனியின் சிங்க மனிதனைப் பற்றி உனக்கு முன்பே எழுதியிருக்கிறேனா? மாமூத் யானைத் தந்தத்தில் செதுக்கியது, ஏறக்குறைய 40,000 ஆண்டுப் பழமை. 1939இல் ஒரு குகையில் துண்டுதுண்டாகக் கிடைத்தது, போர் மூளவிருந்ததால் தோண்டுவதை அப்படியே நிறுத்திவிட்டார்கள். முப்பது வருஷம் அந்தத் துண்டுகள் பெட்டியில் கிடந்தன. 1969இல்தான் ஒருவர் உட்கார்ந்து ஏறக்குறைய இருநூறு துண்டுகளைச் சேர்த்துப் பார்த்தார், ஒரு உருவம் நின்றது. பிறகு அதே குகையை மறுபடி சலித்து இன்னும் துண்டுகள் எடுத்தார்கள், பழைய ஒட்டு எல்லாவற்றையும் பிரித்து மீண்டும் சேர்த்தார்கள். இன்னமும் முழுமை இல்லை, உடம்பில் இடைவெளி தெரிகிறது. அந்த இடைவெளியை மூடி மறைக்காமல் விட்டார்களே, அவர்களை எனக்குப் பிடிக்கும்.

நீ அந்த அருங்காட்சியகத்துக்கு இன்னொரு தடவை போவாயா? நான்கு மணி நேரம் வேண்டாம், அரை மணி போதும். ஒரே ஒரு சிலை முன்னால் நின்று, அதன் கை எதைப் பிடித்திருந்தது என்று மட்டும் பார். பென்சிலால் அந்தக் கையை வரைந்து அடுத்த கடிதத்தோடு அனுப்பு, எப்படி வந்தாலும் பரவாயில்லை. பள்ளியில் நீதானே என் படப் புத்தகத்தையும் சேர்த்து வரைந்து கொடுப்பவன்.

கண்ணுக்கு மருந்து விடும் நேரம் ஆகிவிட்டது, மனைவி கூப்பிடுகிறாள். பறவையின் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். கழுத்தில் வளையம் ஒட்டிப்போன இடம் உனக்குத் தெரியும்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்