அக்கா, ஒரு துணி குறைகிறது

பாம்பன் தென்கடல் கரை மக்களுக்கு,

உங்கள் ஊரில் மழை வெள்ள நிவாரண வேலையை முடித்துக் கல்லூரிக்குத் திரும்பி இரண்டு நாள் ஆகிறது. செருப்பில் உங்கள் ஊர் மணல் இன்னும் ஒட்டியிருக்கிறது. மழையைப் பற்றியும் அந்த நான்கு நாட்களைப் பற்றியும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தெருக்களில் தண்ணீர் வடிந்துவிட்டது. எங்கள் பிள்ளைகள் எல்லோரும் ஒரு காய்ச்சல்கூட இல்லாமல் விடுதி வந்து சேர்ந்துவிட்டார்கள். நேற்றுத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

முதலில் மொத்தமாக ஒரு கும்பிடு. பள்ளிக்கூட அறைகளைத் திறந்துவிட்ட தலைமையாசிரியர் ஐயாவுக்கு, தள்ளுவண்டியில் பம்புசெட்டை ஏற்றி வந்து இறைத்துக் கொடுத்த அண்ணன்களுக்கு, கஞ்சி வாளி அனுப்பிய பள்ளிவாசல்காரர்களுக்கு, போர்வை தந்த மாதா கோயில் தெருவுக்கு, கடைசிவரை காசு வாங்காத டீக்கடை மாமாவுக்கு. (212 டீ. நோட்டில் இருக்கிறது மாமா.)

அப்புறம், கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் அந்த அக்காவுக்கு. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் வேலை செய்தால் சான்றிதழ் கிடைக்கும். உண்மையைச் சொன்னால் நான் சேர்ந்தது அதற்குத்தான். பட்டியல் ஒழுங்காகப் போடுவேன் என்று மாணவர் தலைவி ஆக்கினார்கள். அந்தப் பட்டியலில்தான் 50 ஜோடி கையுறை எழுதினேன். என்னையும் சேர்த்தால் 51 பேர் என்பது கரையில் இறங்கிப் பங்கு வைத்தபோதுதான் தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மதியத்துக்குள் அறுந்த வலைகளையும் தகரத்தையும் இழுத்து விரல்கள் கிழிந்துவிட்டன. கிணற்றில் போடப் பிளீச்சிங் பவுடர் கரைக்க உட்கார்ந்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திருப்பிய பக்கம் அக்கா நின்றிருந்தார்.

“ஏ புள்ள, கைய நீட்டு. இந்தக் கைய வச்சு ராத்திரி எப்படிச் சோறு அள்ளுவ?”

நல்ல தண்ணீரில் என் கையைக் கழுவிவிட்டார். இடுப்பில் சுருட்டி வைத்திருந்த துணிக் கீற்றுகளை எடுத்தார். கடலுக்குப் போகும்போது பாறையும் பாசியும் கிழிக்காமலிருக்க அவர் தன் விரல்களில் சுற்றிக்கொள்ளும் துணிகள். ஒவ்வொன்றையும் நனைத்துப் பிழிந்து, பத்து விரலுக்கும் தனித்தனியாகக் கட்டினார். காய்ந்த துணியைக் கட்டினால் நனைந்ததும் முடிச்சு இறுகி விரல் மரத்துப்போகுமாம். கால் மணி நேரம் ஆகியிருக்கும். அந்த நேரம் முழுக்கத் திட்டிக்கொண்டேதான் இருந்தார்.

மறுநாள் அவர் தெருவுக்குப் போனோம். அவர் வீட்டுக்குள் அப்போதும் கணுக்கால் அளவு தண்ணீர். என் பட்டியலில் அந்தத் தெரு இரண்டாம் நாளில்தான் இருந்தது. முதல் நாள் அத்தனை நேரம் என் விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தவர், தன் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு. சும்மா இருக்க முடியுமா? “நல்ல ரப்பர் கையுறை செய்து தரட்டுமா அக்கா?” என்று கேட்டேன். சிரித்துவிட்டார். மரிக்கொழுந்துப் பாசி பாறையோடு ஒட்டிக் கிடக்கும், மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போனால் எது பாசி எது பாறை என்று விரல்தான் சொல்ல வேண்டும், ரப்பர் போட்டால் விரல் ஊமையாகிவிடும் என்றார். மூன்று ஆண்டுகளாக நான் படித்த எந்தப் பாடத்திலும், வடிவமைக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இப்படி முகத்தில் அறைந்ததில்லை.

இறுதியாண்டுத் திட்டப்பணியை அந்த விரல்களுக்காகத்தான் செய்யப் போகிறேன். ஆனால் காகிதத்தில் ஒரு கோடு போடுவதற்கு முன் உங்கள் கரையில் வந்து உட்கார்ந்து, நீங்கள் கட்டுவதைப் பார்த்துக் கட்டிப் பழகுவேன். அதுவரை வரைபடம் கிடையாது.

கிளம்பும்போது பேருந்து வரை வந்தார். கட்டிப்பிடிப்பார் என்று நினைத்தேன். “துணியத் துவைச்சு அனுப்பிரு, திங்கக்கெழம கடலுக்குப் போகணும்” என்றார்.

துவைத்துக் காயவைத்துவிட்டேன், அக்கா. எண்ணிப் பார்த்தால் ஒன்பதுதான் இருக்கிறது. இடது சுண்டுவிரல் துணி உங்கள் ஊர்க் கிணற்றடியிலேயே விழுந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக என் பழைய பருத்தித் துப்பட்டாவைக் கிழித்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டு வருகிறேன்.