அட்டையில் விலை இல்லாத மருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவின் முட்டிவலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள், நிம்மதியாக இருந்தது. கதிருக்கும் இரைப்பு அடங்கியிருக்கிறது. நேற்றுதான் அவனுடைய ஆஸ்துமா தடுப்பு இன்ஹேலரை 30 டாலருக்கு வாங்கி வந்தேன். போன ஜனவரியில் இதே இன்ஹேலருக்கு என்ன கொடுத்தேன் என்று அப்போது உங்களிடம் சொல்லவில்லை. கவலைப்படுவீர்கள் என்று விட்டுவிட்டேன்.

அதற்கு முந்தின டிசம்பரில் 40 டாலர் கொடுத்து வாங்கியது. ஜனவரியில் அதே கடை, அதே டப்பா, கவுண்டரில் இருந்த பெண் 228 டாலர் என்றாள். வேறு யாருடைய மருந்தையோ எடுத்துவிட்டாளோ என்று லேபிளைத் திருப்பிப் பார்த்தேன். கதிர் பெயர்தான் இருந்தது. புது வருஷம் பிறந்தால் 'டிடக்டிபிள்' கணக்கு மறுபடி பூஜ்யத்தில் தொடங்குமாம். எங்கள் ஆபீஸ் இன்ஷூரன்ஸில் முதல் 3,500 டாலர் வரை நம் கைக்காசு, அதற்கு மேல்தான் அவர்கள் பங்கு. எனக்குப் பின்னால் நின்றிருந்த பெண் தன் தொகையைக் கேட்டுவிட்டு, மருந்தை வாங்காமலே போய்விட்டாள். நம் மருந்துக்கடைக் கல்லாவில் நீங்கள் இருந்திருந்தால் கத்தரிக்கோலை எடுத்து நாலு மாத்திரையாவது வெட்டிக் கொடுத்து, மிச்சத்தைப் பற்று நோட்டில் எழுதியிருப்பீர்கள். இங்கே அப்படி யாரும் செய்யவில்லை அப்பா.

நம் கடையில் அட்டையின் பின்னால் விலை அச்சடித்திருக்கும். கலெக்டர் வந்தாலும் கூலிக்காரர் வந்தாலும் அதற்கு மேல் ஒரு பைசா வாங்க முடியாது. இங்கே அமெரிக்காவில் டப்பாவில் விலையே கிடையாது. யார் எந்தக் கம்பெனியில் வேலை பார்க்கிறார், எந்தப் பிளான் எடுத்திருக்கிறார் என்பதை வைத்துத்தான் விலை. 'ஃபார்முலரி' என்று ஒரு மருந்துப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதில் படி படியாகப் பிரிவு: ஜெனரிக் கீழ்ப்படியில், மலிவு, பிராண்டு மருந்து மேலே போகப்போக நம் பங்கு ஏறும். சில மருந்துக்கு டாக்டர் எழுதினால் மட்டும் போதாது, முன் அனுமதி வாங்க வேண்டும். சிலதற்கு, முதலில் மலிவான வேறொன்றைப் போட்டுப் பார்த்து அது கேட்கவில்லை என்றால்தான் இது. பட்டியலைப் போடுவது பெரும்பாலும் இன்ஷூரன்ஸுக்கும் மருந்துக்கடைக்கும் நடுவில் இருந்து மருந்துக் கணக்கைப் பார்க்கும் 'பிபிஎம்' கம்பெனிகள். நாட்டின் மருந்துச் சீட்டுகளில் பத்துக்கு எட்டு மூன்றே மூன்று கம்பெனிகள் வழியாகப் போகிறது.

எனக்கு ஆற்றாமை எதில் தெரியுமா? ஆஸ்துமா தடுப்பு இன்ஹேலர், இன்சுலின் போன்றவற்றுக்கு டிடக்டிபிள் முடியும் முன்பே பிளான் பணம் கொடுக்கலாம் என்று 2019-லேயே இங்குள்ள வரித்துறை அனுமதித்துவிட்டது. ஆனால் கட்டாயம் இல்லை, வேலை கொடுக்கும் கம்பெனியின் விருப்பம். எங்கள் பிளானில் அது இல்லை. எனக்கு அது தெரியவும் தெரியாது. சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பார்கள் என்று மட்டும் பார்த்து, மூன்று வருஷம் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

நவம்பரில் பிளான் மாற்றிக்கொள்ளும் வாரம் வந்தது. இந்த முறை முதலில் மருந்துப் பட்டியலைத் திறந்து கதிரின் இன்ஹேலர் பெயரைத் தேடினேன். மாதம் 62 டாலர் கூடுதலாகப் பிடிக்கிற பிளானில் அது டிடக்டிபிளுக்கு வெளியே இருந்தது. அதையே எடுத்தேன். மூச்சுத்திணறலுக்கு உடனே அடிக்கிற ஸ்ப்ரேக்கு வேறு வழி கிடைத்தது. நீங்கள் சால்பியூட்டமால் என்பீர்களே, அதற்கு இங்கே அல்பியூட்டரால் என்று பெயர். இன்ஷூரன்ஸ் இல்லாமல் நேராகக் காசு கொடுத்தால் எவ்வளவு என்று மருந்தாளுநரிடம் கேட்டேன், குறைவாகத்தான் வந்தது. கேட்டால்தான் தெரிகிறது. அதைக்கூடச் சொல்லக் கூடாதென்று ஒப்பந்தத்தில் மருந்தாளுநர்களின் வாயைக் கட்டி வைத்திருந்த காலமும் உண்டாம். 2018-இல் சட்டம் போட்டுத்தான் அதை நிறுத்தினார்கள்.

பக்கத்து வீட்டு அக்காவும் நானும் போன வாரம் உட்கார்ந்து அவருடைய பிளானின் மருந்துப் பட்டியலைப் பார்த்தோம். அவர் கணவருக்குச் சர்க்கரை.

கதிர் இன்ஹேலரை அலமாரியில் தானே எடுத்து வைக்கிறான். பின்பக்கம் சின்னக் கட்டத்தில் இன்னும் எத்தனை பஃப் என்று எண் தெரியும். இன்று காலை 118 என்று சத்தமாகப் படித்துக் காட்டினான். தாத்தா கடையில் இது இருக்குமா என்று கேட்கச் சொன்னான்.

அன்புடன்,
உங்கள் மகள்