வாசித்தவர் யார் என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 பிப்ரவரி 5-ஆம் தேதி சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடந்த இங்கிலாந்துப் பாடகர் எட் ஷீரனின் இசை நிகழ்ச்சியைப் பற்றி நான் படித்த செய்திகளில் பெரும்பாலானவை, ஏ.ஆர்.ரகுமான் மேடையேறியதையும், ரகுமானின் ‘ஊர்வசி ஊர்வசி’யும் ஷீரனின் ‘ஷேப் ஆஃப் யூ’வும் ஒன்றோடொன்று கலந்து ஒலித்ததையும் சொல்லி முடித்துக்கொண்டன. ‘காதலன்’ படம் வெளிவந்த 1994-லிருந்து ‘ஊர்வசி’ பாட்டுக்குத் திருவிழா மேடைகளில் தபலாவும் பாங்கோஸும் வாசித்து வருபவன் நான்; அந்தச் சில நிமிடங்களில் எனக்கும் மெய்சிலிர்த்தது. ஆனால், அன்று நான் கண்ட பெரிய விஷயம் வேறு.

என் மகள் 2017-இல் அறிமுகப்படுத்திய நாள் முதல் எட் ஷீரனின் குரல் எனக்கு மிகவும் பிடித்த குரலாகிவிட்டது. அவளோடுதான் நந்தனத்துக்கும் சென்றேன். கூட்டத்தின் நடுவே நின்ற எனக்கு மேடையில் அவருடைய உருவம் விரல் அளவுதான் தெரிந்தது என்றாலும், பெரிய திரையில் அவருடைய கையையும் காலையும் நன்றாகப் பார்க்க முடிந்தது. முதலில் கிதாரின் மரப்பகுதியை உள்ளங்கையால் தட்டினார். நான்கு அட்சரம், அதாவது நான்கு தாள எண்ணிக்கை, முடிந்து மறுபடி சமம் என்கிற முதல் தட்டு விழுகிற இடத்தில், வாசிப்பதைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கவைக்கும் ஒரு பெடலைக் கால் அழுத்தியது. அந்தத் தட்டு தானாகவே சுழலத் தொடங்கியது. அதன்மேல் தந்தியை அமுக்கி மீட்டிய ஒரு சிறு துணுக்கு, அதன்மேல் கார்டுகள் (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் மீட்டல்கள்), அதன்மேல் இரண்டு மூன்று படிகளில் அவருடைய குரலே கோரஸாக என்று அடுக்கிக்கொண்டே போய், அதற்குப் பிறகுதான் பாடலைப் பாட ஆரம்பித்தார். தாளக்காரனுக்கு இதன் ஆபத்து உடனே புரியும். கால் ஒரு இம்மி பிந்தினாலும் அந்தப் பிழை ஒவ்வொரு சுற்றிலும் திரும்ப வந்து பாட்டு முழுவதையும் கெடுத்துவிடும். அதனால் அவர் பெடலை அழுத்திய ஒவ்வொரு முறையும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பாட்டு முடிந்தால் அந்த அடுக்கு அவ்வளவும் அழிந்துவிடும். அடுத்த பாட்டை மீண்டும் வெறும் கையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இதுவும் ஒருவகைப் பதிவுதானே என்று சிலர் கேட்கலாம். பதிவுதான், ஆனால், சற்று முன்பு நம் கண்ணெதிரே, தவறக்கூடிய நிலையில் ஒரு மனிதர் உண்டாக்கிய பதிவு.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நான் வாசிக்க வந்த காலத்தில் எங்கள் மெல்லிசைக் குழுவில் 14 பேர் இருந்தோம். இரண்டு வயலின், ஒரு புல்லாங்குழல், டோலக், டிரம்ஸ் என்று மேடை நிறைந்திருக்கும். இன்று பல ஊர்களில் ஒரு கீபோர்டு, ஒரு ரிதம் பேட், ஒரு மடிக்கணினி ஆகியவற்றோடு கச்சேரி முடிந்துவிடுகிறது; மற்றதை எல்லாம் மைனஸ் ட்ராக், அதாவது பாடகரின் குரல் இல்லாமல் முன்பே பதிவுசெய்த பின்னணி இசை, பார்த்துக்கொள்கிறது. செலவு கருதி அப்படிச் செய்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பெரும் வயலின் கூட்டத்தை எந்த ஊர்த் திருவிழாவும் வரவழைக்க முடியாது. ஆனால், சில ஆண்டுகளுக்கு முன் ஆயிரக்கணக்கில் கொடுத்து நான் நுழைந்த ஓர் அரங்கில், மிகவும் மதித்த பாடகர் ஒருவர் ரசிகர்களுக்குக் கையசைப்பதற்காக மைக்கைக் கீழே இறக்கிய பிறகும் அவருடைய குரல் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. அன்று வீடு திரும்பும்வரை மகளிடம் என்னால் ஒரு வார்த்தைகூடப் பேச முடியவில்லை.

இசை நிகழ்ச்சிகளைப் பற்றி எழுதும்போது கூட்டம், உடை, வெளிச்சம், வந்திருந்த பிரபலங்கள் ஆகியவற்றோடு, மேடையில் எதை யார் வாசித்தார்கள், எது ட்ராக்கிலிருந்து வந்தது என்பதையும் தங்கள் செய்தியாளர்கள் கேட்டு எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கர்நாடகக் கச்சேரி விமர்சனத்தில் மிருதங்கக்காரர், வயலின்காரர் பெயர்களை விடாமல் போடுகிறீர்கள். கடம் வாசித்தவருக்கும் ஒரு வரி கிடைக்கிறது. அதே மரியாதையை மெல்லிசை மேடையின் கிதார்க்காரருக்கும் டிரம்மருக்கும் கொடுங்கள். ட்ராக் பயன்படுத்துவதை விளம்பரத்திலேயே தெரிவிக்குமாறு நிகழ்ச்சி அமைப்பாளர்களையும் தங்கள் பத்திரிகை வலியுறுத்தினால், சீட்டு வாங்குபவர்கள் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பதைத் தெரிந்து வாங்குவார்கள்.

இப்படிக்கு,
மெல்லிசைக் குழு தாளக் கலைஞர் ஒருவர்,
திருச்சி.